அறிந்த தொழிலுக்கு அடுத்த படி

ஊவாத் தோட்டங்களில் கற்கும் ஆர்வத்துக்குக் குறைவில்லை. கற்றதை மதித்து, அதற்குரிய சான்றிதழையும் சம்பளத்தையும் பதவியையும் வழங்கும் ஏற்பாடே இன்றைய தேவை.

பெருந்தோட்டத் தொழிலாளரைத் "திறன் குறைந்த தொழிலாளர்" என்ற பிரிவில் அடக்கிவிடும் பழக்கம் பொருளியல் அறிக்கைகளிலும் அலுவலக ஆவணங்களிலும் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை, கொஸ்லந்தை எனப் பரந்து கிடக்கும் ஊவாவின் தேயிலை மலைகளில் அன்றாடம் நடைபெறும் வேலையைக் கூர்ந்து நோக்குவோருக்கு அந்த வகைப்பாடு எவ்வளவு பிழையானது என்பது விளங்கும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி 8 இலட்சத்து 15 ஆயிரத்துக்கும் அதிகமான மக்கள் வாழ்ந்த பதுளை மாவட்டத்தில், ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானோர் மலையகத் தமிழராக இருந்தனர். இவர்களுக்குப் புதிய திறன்களைக் கற்பிப்பது பற்றிப் பேசும் திட்டங்கள் பலவும் இவர்கள் ஒன்றும் அறியாதவர்கள் என்ற எண்ணத்திலிருந்தே தொடங்குகின்றன. ஏற்கெனவே கைவரப்பெற்ற தொழிலறிவை அங்கீகரித்து அதன்மேல் புதிய திறனைக் கட்டியெழுப்பும்போதுதான் கல்வி தனிமனித வளர்ச்சியாகவும் தொழில் முன்னேற்றமாகவும் பலன் தரும் என்பதற்கு ஊவாவின் கடந்த காலமும் நிகழ்காலமும் ஒருங்கே சான்று பகர்கின்றன.

படிகள் இல்லாத சம்பளம்

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021ஆம் ஆண்டில் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. நீண்ட போராட்டங்களுக்குப் பின் கிடைத்த இந்த உயர்வுகளின் முக்கியத்துவத்தை எவரும் மறுக்க இயலாது. ஆயினும் இச்சம்பள முறையில் அதிகம் பேசப்படாத குறை ஒன்று உண்டு: முப்பது ஆண்டுகள் மலையில் வேலை செய்தவருக்கும் அண்மையில் பேர் பதிந்தவருக்கும் அடிப்படை நாட்சம்பளம் ஒன்றே. அரச சேவையிலும் வங்கியிலும் ஆண்டுதோறும் சம்பள ஏற்றம் உண்டு, பரீட்சையில் சித்தியடைந்தால் அடுத்த தரம் உண்டு. மலையில் வேலை செய்பவருக்கோ கூடுதலாகப் பறிக்கும் கிலோவுக்குக் கிடைக்கும் தொகையைத் தவிர, அனுபவத்துக்கும் நுட்பத்துக்கும் தனி மதிப்பு இல்லை.

பதவி உயர்வின் நிலையும் ஏறத்தாழ இதுவே. கங்காணி, கணக்கப்பிள்ளை, கண்டக்டர், டீமேக்கர், சின்னதுரை, துரை என்று ஒரு படிவரிசை இருப்பதாகத் தோன்றினாலும், தொழிலாளியாகச் சேர்ந்த ஒருவர் கங்காணிக்கு அப்பால் உயர்வது அரிதாகவே இருந்து வந்துள்ளது. கொழுந்து பறிப்போரில் மிகப் பெரும்பான்மையினர் பெண்களாக இருந்தும், அவர்களை மேற்பார்வை செய்யும் பொறுப்பு பல தலைமுறைகளாக ஆண்களிடமே இருந்தது. பெண்கள் கங்காணிகளாக நியமிக்கப்படுவது அண்மைக் காலத்தில் சில தோட்டங்களில் தொடங்கிய மாற்றமாகும். கற்றாலும் கற்காவிட்டாலும் சம்பளம் ஒன்றுதான் என்னும் இடத்தில் கற்குமாறு அறிவுரை கூறுவது மட்டும் போதாது என்பதை இங்கேயே மனங்கொள்ள வேண்டும்.

ஒரு சமூகமே தொழில் மாறிய காலம்

புதிய திறனைக் கற்பது இம்மக்களுக்குப் புதிதன்று. இவர்களின் முன்னோரை இந்தியாவிலிருந்து கொண்டுவந்தது தேயிலையன்று, கோப்பியே. கோப்பிப் பழம் பறிப்பது பருவகால வேலையாதலால், தொழிலாளரில் பெரும்பாலோர் அறுவடைக்கு வந்து, முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய், அதாவது கோப்பி இலைகளை உதிர்த்துச் செடியை வலுவிழக்கச் செய்யும் ஒருவகைப் பங்கசு நோய், அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அத்தொழிலையே அழித்துவிட்டது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் வணிக நோக்கில் பயிரிட்ட தேயிலை கோப்பியின் இடத்தைப் பிடித்தது. தோமஸ் லிப்டன் 1890இல் அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதென்ன உள்ளிட்ட தோட்டங்களை வாங்கியதும், 1924இல் ரயில் பாதை பதுளையை வந்தடைந்ததும் ஊவாவைத் தேயிலை நாடாக நிலைநிறுத்தின.

வரலாற்று நூல்கள் இந்த மாற்றத்தைத் துரைமாரின் துணிவாகவும் முதலீட்டின் வெற்றியாகவும் எழுதியுள்ளன. ஆனால் ஒரு தலைமுறைக்குள் முற்றிலும் வேறான ஒரு பயிரின் வேலைகளைக் கற்றுத் தேர்ந்தவர்கள் தொழிலாளர்களே. ஆண்டு முழுவதும் வாரம் தவறாமல் கொழுந்து பறிக்கும் முறை, கவ்வாத்து, ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையில் இலையை வாட்டி, உருட்டி, பதப்படுத்தி, உலர்த்தி, சலிக்கும் வேலைகள் ஆகியவற்றை எந்தப் பாடசாலையும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. தாயிடமிருந்து மகளும், நிரையில் முன்னால் நிற்பவரிடமிருந்து பின்னால் நிற்பவரும் கற்றுக்கொண்டனர். எழுத்தில் பதியாத இந்தக் கல்வியின் வெற்றியே உலகச் சந்தையில் ஊவாத் தேயிலை பெற்ற பெயராகும்.

கவ்வாத்துக் கத்தியின் அறிவு

கவ்வாத்து என்பது, மேல்நோக்கி வளரும் தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தாழ வெட்டி, பறிப்புக்கு எட்டும் உயரத்தில் புதிய கிளைகளை எழச் செய்யும் வேலையாகும். வெட்டு வழுவழுப்பாக இருக்க வேண்டும். கிளை பிளந்தால் நோய் புகும். மழைநீர் தங்காதவாறு வெட்டுமுகம் சரிவாக அமைய வேண்டும். உயர்ந்த மலைகளில் இலையுள்ள ஓரிரு கிளைகளை வெட்டாமல் விட்டுவைப்பதும் வழக்கம். புதிய தளிர் வரும்வரை செடி மூச்சுவிடவும் உணவு தயாரிக்கவும் அவை உதவும். பட்டுப்போன கிளை எது, மீண்டும் துளிர்க்கக்கூடிய கிளை எது என்று செடிக்குச் செடி தீர்மானித்தபடி, செங்குத்தான சரிவில் கால் ஊன்றி நின்று, ஒரே வீச்சில் வெட்டுகிறார் கவ்வாத்துக்காரர். கவ்வாத்துக்கு முன்னர் வேரில் போதிய மாப்பொருள் சேமிப்பு உள்ளதா என்பதை அயடீன் கரைசல் இட்டுப் பரிசோதிக்கும் முறையும் உண்டு. சேமிப்பு இருந்தால் வேரின் வெட்டுமுகம் கருநீலமாக மாறும். செடியின் தோற்றத்தைக் கொண்டே அதன் வலுவை அறியும் தொழிலாளியின் கண்ணும், அதனை நிறுவிக்காட்டும் விஞ்ஞானப் பரிசோதனையும் ஒரே உண்மையை நோக்கியே செல்கின்றன. அந்தத் தொழிலாளிக்கு இப்பரிசோதனையையும் கற்பித்தால் அவர் மேற்பார்வையாளராகத் தகுதி பெறுவார்.

நாற்றுமேடையில் வேலை செய்யும் பெண்களின் நுட்பமும் இத்தகையதே. தாய்ச்செடியின் கிளையிலிருந்து ஓர் இலையும் சிறு தண்டுத் துண்டும் கொண்ட வெட்டுத்துண்டுகளை எடுத்து, மண் நிரப்பிய பொலித்தீன் பைகளில் நட்டு, நிழலும் ஈரமும் அளவாகக் காத்து, ஏறத்தாழ ஓராண்டில் நடுகைக்கு ஏற்ற கன்றாக வளர்க்கின்றனர். இதே நுட்பம் மலர்ச்செடி, பழமரம், மரக்கறி நாற்று ஆகியவற்றுக்கும் ஓரளவு மாற்றங்களுடன் பொருந்தும். வெலிமடையும் பண்டாரவளையும் நாட்டின் முக்கிய மரக்கறிப் பிரதேசங்களாக இருக்கையில், தோட்டத்து நாற்றுமேடையில் கைதேர்ந்த ஒரு பெண் சொந்த நாற்றுமேடை நடத்துவதற்குக் கற்க வேண்டியவை கணக்கு வைத்தல், விலை நிர்ணயம், சந்தைத் தொடர்பு ஆகிய சிலவே. தொழிலின் கடினமான பகுதி அவருடைய கையில் ஏற்கெனவே உள்ளது.

சான்றிதழாகும் அனுபவம்

கையில் உள்ள திறனைச் சான்றிதழாக மாற்றும் சட்டபூர்வமான வழி இலங்கையில் உண்டு. தேசிய தொழில் தகைமை, சுருக்கமாக என்.வி.கியூ., என்பது ஏழு மட்டங்களைக் கொண்ட தகைமைக் கட்டமைப்பாகும். முதல் நான்கு மட்டங்கள் சான்றிதழ்களாகவும், ஐந்தாம் ஆறாம் மட்டங்கள் டிப்ளோமாக்களாகவும், ஏழாம் மட்டம் பட்டத்துக்கு இணையானதாகவும் அமைந்துள்ளன. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு இதனை ஒழுங்குபடுத்துகிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபை, தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை, பதுளையில் உள்ளது போன்ற தொழில்நுட்பக் கல்லூரிகள் ஆகியவை பயிற்சி வழங்குகின்றன.

இக்கட்டமைப்பில் தோட்டப் புறங்களுக்கு மிகவும் பயன்படக்கூடிய பகுதி, முன்னரே கற்றதை அங்கீகரிக்கும் முறையாகும். முறையான பயிற்சிநெறி எதையும் பின்பற்றாமல், வேலை செய்தே தொழிலைக் கற்ற ஒருவர் தம் அனுபவத்துக்கான ஆதாரங்களுடன் விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டாளர் ஒருவர் அத்தொழிலுக்கென வகுக்கப்பட்ட தேர்ச்சி நியமத்தின்படி அவருடைய வேலையை நேரில் பார்த்து மதிப்பிடுவார். தேறினால் பயிற்சி நிலையத்தில் கற்றவருக்குக் கிடைக்கும் அதே சான்றிதழ் வழங்கப்படும். மேசன், தச்சர், மின்னிணைப்பாளர், வாகனத் திருத்துநர், தையற்காரர் எனப் பல தொழில்களுக்கு இவ்வழி திறந்துள்ளது. கொழும்பில் பல ஆண்டுகள் கட்டட வேலை செய்துவிட்டு ஊர் திரும்பும் தோட்டத்து இளைஞர் பலரிடம் தொழில் உண்டு, தாள் இல்லை. வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும், ஒப்பந்தம் எடுக்கும்போதும் அந்தத் தாள் இல்லாமையே அவர்களைக் குறைந்த கூலிக்குத் தள்ளுகிறது.

ஜேர்மனியில் வழக்கிலுள்ள இரட்டைப் பயிற்சி முறையில், பயிலுநர் ஒருவர் வாரத்தின் ஒரு பகுதியைத் தொழிலகத்திலும் மற்றப் பகுதியைத் தொழிற்பாடசாலையிலும் கழித்து, பயிற்சிக் காலத்திலேயே கொடுப்பனவும் பெறுகிறார். உழைப்பையும் கல்வியையும் பிரிக்காத அந்த அமைப்பின் அடிப்படையைப் பெருந்தோட்டங்கள் எளிதாக ஏற்கலாம். நிலமும் தொழிற்சாலையும் அனுபவமிக்க தொழிலாளரும் ஒரே இடத்தில் இருப்பது வேறெந்தத் துறைக்கும் எளிதில் வாய்க்காத வசதியாகும்.

ஏணி வைத்தபோது ஏறியவர்கள்

வாய்ப்புக் கிடைத்த இடங்களில் இச்சமூகம் எவ்வளவு விரைவாக முன்னேறியது என்பதற்கு ஆசிரியத் தொழிலே முதற்சான்று. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம், தோட்டங்களில் வாழும் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகங்களின்மேல் சுமத்தியது. நடைமுறையில் ஓரறைப் பாடசாலையும் ஓராசிரியருமே கிடைத்தனர். 1945இல் நாட்டில் இலவசக் கல்வி அறிமுகமான பின்னரும் தோட்டப் பாடசாலைகள் தேசியக் கல்வி முறைக்கு வெளியிலேயே நின்றன. 1970களில்தான் அவை அரசினால் பொறுப்பேற்கப்பட்டன. அதன்பின் தோட்டத்து இளைஞர் யுவதிகள் பெருமளவில் ஆசிரியர்களாக நியமனம் பெற்றனர். கொட்டகலை ஆசிரியர் கலாசாலையும் பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியும் அவர்களுக்குப் பயிற்சியளித்தன. மலையகத்தின் இன்றைய நடுத்தர வகுப்பு பெரிதும் இந்த நியமனங்களிலிருந்தே உருவானது.

ஓராசிரியர் பாடசாலைக் காலத்தின் ஆற்றலையும் இங்கு நினைவுகூர வேண்டும். ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்து, பதுளைப் பகுதியின் தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராகப் பணியாற்றி, அத்தோட்டத்தின் பெயரையே தம் பெயருடன் இணைத்துக்கொண்ட எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப், பின்னர் கொழும்பில் கணக்குத் துறையில் தொழில் பார்த்தபடியே தமிழின் குறிப்பிடத்தக்க சிறுகதையாசிரியராகவும் மலையக இலக்கியத்தின் ஆய்வாளராகவும் விளங்கினார். பிழைப்புக்கான தொழிலும் மனத்துக்கு நிறைவு தரும் கல்வியும் ஒன்றையொன்று தடுப்பவையல்ல என்பதை அவருடைய வாழ்வு நிறுவியது.

இரண்டாவது சான்று பிள்ளைக்காம்பரா. தாய்மார் மலைக்குச் செல்லும் வேளையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பணி, முன்னர் ஆயா ஒருவரிடம் விடப்பட்ட காவல் வேலையாகவே கருதப்பட்டது. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் முயற்சியால் இவ்விடங்கள் படிப்படியாகச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாற்றப்பட்டு, போசாக்கு, தடுப்பூசி, முன்பிள்ளைப் பருவக் கல்வி ஆகியவற்றில் பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி அலுவலர்கள் நியமிக்கப்பட்டனர். அதே இடத்தில், அதே பணி, பயிற்சியும் பதவிப்பெயரும் பெற்றவுடன் ஒரு தொழில்வாழ்க்கையாக உருவெடுத்தது. கவ்வாத்துக்கும் நாற்றுமேடைக்கும் மருந்தடிப்புக்கும் இதே மாற்றம் ஏன் வரக்கூடாது என்ற கேள்வியைத் தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்கொள்ள வேண்டும்.

மொழி என்னும் முதற்றிறன்

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலாளர் பிரிவுகள் இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டுள்ளன. சட்டத்தில் உள்ள இந்த உரிமை தொழிற்பயிற்சி வகுப்பறையை இன்னும் முழுமையாக எட்டவில்லை. பயிற்சிநெறிகளில் பெரும்பாலானவை சிங்கள மொழியில் நடைபெறுவதும், தமிழில் கற்பிக்கும் போதனாசிரியர்கள் குறைவாக இருப்பதும், விருப்பமான தொழிலைத் தெரிவுசெய்யும் சுதந்திரத்தைத் தமிழ் இளைஞரிடமிருந்து பறித்துவிடுகின்றன. தெரிந்த மொழியில் கிடைக்கும் தொழிலைக் கற்பதா, விரும்பிய தொழிலை விளங்காத மொழியில் கற்பதா என்ற இக்கட்டில் அவர்கள் நிறுத்தப்படுகின்றனர்.

தமிழ்வழிப் பயிற்சியைக் கோருவது உரிமை. சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் கற்பது பலம். இவ்விரண்டையும் ஒருசேர முன்னெடுக்க வேண்டும். ஊவாவின் சந்தைகளிலும் பஸ்களிலும் வளர்ந்த இளைஞர் பலர் பேச்சுச் சிங்களத்தை இயல்பாகவே அறிந்தவர்கள். எழுதவும் வாசிக்கவும் கற்றுக்கொண்டால், இருமொழித் தேர்ச்சி தேவைப்படும் பிரதேச செயலகம், வைத்தியசாலை, வங்கி ஆகியவற்றில் அவர்களுக்குத் தனி இடம் உண்டு. வங்கிப் படிவத்தைத் தானே நிரப்பவும், மருந்துச் சீட்டை வாசிக்கவும், பொலிஸ் முறைப்பாட்டில் எழுதப்பட்டதை விளங்கிக் கையொப்பமிடவும் முடிந்த ஒரு பெண்ணின் தன்னம்பிக்கையை எந்தச் சம்பளப் பட்டியலாலும் அளவிட முடியாது. தனிமனித வளர்ச்சி என்பதன் முழுப்பொருளும் அதில் அடங்கியுள்ளது.

மலைக்கு அருகிலேயே புதிய தொழில்கள்

எல்ல, அப்புத்தளை, பண்டாரவளைப் பகுதிகளுக்கு உல்லாசப் பயணிகளை ஈர்ப்பவை ஒன்பது வளைவுப் பாலமும் தெமோதரை ரயில் வளையமும் லிப்டன் ஆசனமும், இவற்றைச் சூழ்ந்த தேயிலை மலைகளும் ஆகும். அந்த மலைகளைப் பேணுவோரின் குடும்பங்களுக்குச் சுற்றுலா வருமானத்தில் கிடைக்கும் பங்கு மிகச் சிறிது. இலங்கை சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனத்தின் கிளை பண்டாரவளையிலேயே இயங்குகிறது; சமையல், உபசரிப்பு, அறைப் பராமரிப்பு ஆகியவற்றை அங்கு கற்கலாம். சுற்றுலா வழிகாட்டிகளுக்கான உரிமத்தில் நாடு முழுவதற்குமான தேசிய வழிகாட்டியோடு, குறித்த பிரதேசத்துக்கோ இடத்துக்கோ மட்டுமான வழிகாட்டி என்ற பிரிவுகளும் உள்ளன. கொழுந்திலிருந்து கோப்பை வரையான கதையைத் தம் குடும்ப அனுபவமாகவே சொல்லக்கூடிய தோட்டத்து இளைஞரைவிடப் பொருத்தமான வழிகாட்டி எவரும் இருக்க முடியாது.

தேயிலைக்குள்ளேயே புதிய வழிகளும் உண்டு. எல்லப் பகுதியின் அம்பதண்டேகமவில் உள்ள அம்பா தோட்டம், கையால் உருட்டிய தேயிலையைச் சிறு அளவில் தயாரித்து விற்று, வருமானத்தில் தொழிலாளருக்கும் பங்கு வழங்கும் முறையைப் பின்பற்றுகிறது. கொழுந்து பறித்தவர் அதனைத் தேயிலையாக்கவும், சுவைத்துத் தரம் பிரிக்கவும், பொதிசெய்யவும் கற்கும்போது அவர் கூலிக்காரர் நிலையிலிருந்து கைவினைஞராக உயர்கிறார். கேரளத்தின் மூணாறில், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு இயற்கைச் சாயமிடல், கைக்காகிதத் தயாரிப்பு, பழப்பாகு தயாரிப்பு ஆகியவற்றைக் கற்பித்து வேலையும் வழங்கிவரும் சிருஷ்டி அறக்கட்டளையின் பணி, பெருந்தோட்டச் சூழலில் எவரையும் ஒதுக்காத தொழிற்கல்வி சாத்தியமே என்பதற்கு மற்றோர் எடுத்துக்காட்டு.

உயர்கல்வியிலும் கதவு அருகிலேயே உள்ளது. பதுளையில் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லச பல்கலைக்கழகம், தேயிலைத் தொழில்நுட்பமும் பெறுமதி சேர்த்தலும் என்ற பட்டப்படிப்பை வழங்குகிறது. பெறுமதி சேர்த்தல் என்பது மூலப்பொருளை அப்படியே விற்காமல், பதப்படுத்தியும் பொதிசெய்தும் கூடுதல் விலைக்குரியதாக்குவதாகும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றினால் ஊவாத் தேயிலைக்குக் கிடைக்கும் தனிச்சிறப்பான நறுமணத்தை உடலுழைப்பால் அறிந்தவர்களின் பிள்ளைகள் அப்பல்கலைக்கழகத்தில் பெருகவேண்டுமாயின், தமிழ்மொழிப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞான, தொழில்நுட்பப் பிரிவுகளுக்கு ஆசிரியரும் ஆய்வுகூடமும் முதலில் வேண்டும்.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை

சுவரொட்டிகளிலும் முகநூலிலும் விளம்பரம் செய்யப்படும் பயிற்சிகள் யாவும் ஒரே தரத்தவையல்ல. பணம் கட்டுவதற்கு முன், அந்நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா என்பதையும், குறித்த பயிற்சிநெறிக்கு என்.வி.கியூ. தகைமை உண்டா, உண்டெனில் எந்த மட்டம் என்பதையும் கேட்டறிவது அவசியம். நிறுவனம் பதிவு பெற்றிருந்தாலும் பயிற்சிநெறி அங்கீகாரம் பெறாதிருக்கலாம். இரண்டும் தனித்தனி விடயங்கள். அடுத்து, கற்பிக்கும் மொழியும் பரீட்சை மொழியும் எவை என்பதையும், தொழிலிடப் பயிற்சி எங்கு, எத்தனை மாதம் என்பதையும் எழுத்தில் பெற்றுக்கொள்வது நன்று. ஏற்கெனவே தொழில் தெரிந்தவராயின், ஆறு மாத வகுப்பில் மீண்டும் தொடக்கத்திலிருந்து அமர்வதைவிட, முன்னரே கற்றதற்கான மதிப்பீட்டுக்கு விண்ணப்பிப்பது பணத்தையும் காலத்தையும் மிச்சப்படுத்தும். க.பொ.த. சாதாரண தரத்தில் சித்தியடையாமை அனைத்துக் கதவுகளையும் மூடிவிடுவதில்லை என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். தொடக்க மட்டங்களில் பல தொழில்களுக்கு அது தடையன்று.

மூன்று மாற்றங்கள்

தனிமனித முயற்சிக்கு எல்லை உண்டு. காலையில் பேர் பதியும் பிரட்டுக்குச் சென்று, மாலையில் கொழுந்து நிறுத்துக் கொடுத்து, லயத்துக்குத் திரும்பிச் சமையலையும் பிள்ளைகளையும் கவனிக்கும் பெண்ணிடம், கற்க நேரம் ஒதுக்கவில்லை என்று குறைகூறுவது அநீதியாகும். பதுளை நகருக்குச் சென்று வரவே ஒரு நாள் வேலையை இழக்க வேண்டிய தூரத்தில் பல தோட்டப் பிரிவுகள் உள்ளன. ஆகவே மூன்று மாற்றங்கள் உடனடியாக வேண்டப்படுகின்றன.

முதலாவதாக, முன்னரே கற்றதை மதிப்பிடும் குழுக்கள் தோட்டங்களுக்கே வந்து, கவ்வாத்து, நாற்றுமேடை, ஸ்டோர் வேலை ஆகியவற்றில் அனுபவமுள்ளோரைத் தமிழிலேயே மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்க வேண்டும். உரிய தேர்ச்சி நியமம் இல்லாத வேலைக்கு, 1925இல் நிறுவப்பட்டு இன்று தலவாக்கலையில் இயங்கிவரும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் அறிவையும் தொழிலாளரின் அனுபவத்தையும் இணைத்து நியமம் வகுக்க வேண்டும். இரண்டாவதாக, சம்பளப் பேச்சுவார்த்தையில் நாட்சம்பளத்தோடு திறனுக்கான மேலதிகக் கொடுப்பனவும் சேர்க்கப்பட வேண்டும்; சான்றிதழ் பெற்ற மாதத்திலிருந்து அது சம்பளச் சீட்டில் தெரிய வேண்டும். மூன்றாவதாக, வேலைநேரத்தின் ஒரு பகுதியைச் சம்பளத்துடன் கூடிய கற்கும் நேரமாக ஒதுக்கி, தோட்டப் பாடசாலைக் கட்டடங்களிலேயே வகுப்புகள் நடத்த வேண்டும்.

இவற்றுக்குத் தேவையான சட்டமும் நிறுவனங்களும் தகைமைக் கட்டமைப்பும் நாட்டில் ஏற்கெனவே உள்ளன. கோப்பி அழிந்தபோது யாருடைய உதவியும் இன்றித் தேயிலையைக் கற்றுக்கொண்டு, இலங்கையின் பொருளாதாரத்தை ஒன்றரை நூற்றாண்டு தாங்கிய மக்களுக்கு, கற்கும் திறன் உண்டா என்ற ஐயத்துக்கே இடமில்லை. அவர்கள் கற்றதற்கு உரிய விலையைக் கொடுக்க அரசும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் ஆயத்தமா என்பதே இனி விடை காணப்பட வேண்டிய வினா. அடுத்த சம்பள ஒப்பந்தத்தில் திறனுக்கென ஒரு வரி எழுதப்படுமாயின், அந்த விடை அங்கிருந்தே தொடங்கும்.